கடைசிக் காட்சியில் ஒரு கதவு

கதவு திறக்கவில்லை.

நாடகத்தின் கடைசிக் காட்சி. "உண்மையைச் சொல்லிட்டேன். இனி இந்த வீட்ல எனக்கு வேலையில்ல" என்று கதாநாயகி புருஷனை உதறிவிட்டு வெளியேற வேண்டும். அவள் பெட்டியும் கையுமாகக் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றாள். புருஷனாக நடித்த குழுத் தலைவர், மேடைக்கு வெளியிலும் அவளுக்குப் புருஷன்தான், சமாளித்தார்.

"சரி, காலையில போயேன்."

சபையே சிரித்தது. அழ வேண்டிய இடம் அது.

"கதவு மக்கர் பண்ணா நான் என்னங்க செய்ய?" என்றாள் மனைவி, ஒப்பனையைத் துடைத்தபடி.

"நீ தப்பாத் திருகற. உனக்கு எதுதான் உருப்படியா வருது?"

அவள் யாரோடு பேசலாம், டீக்கு எவ்வளவு சர்க்கரை என்பதெல்லாம் அவர் முடிவுதான். பத்து வருஷமாக வீட்டிலும் வசனம் அவருடையதே. பாவம், அவள் ஒத்திகை பார்த்துப் பார்த்தே அலுத்துப்போனவள்.

மறுநாள் கீலுக்கு எண்ணெய் விட்டார். அன்றைய காட்சியிலும் கதவு அசையவில்லை. தரையில் சொட்டிய எண்ணெயில் அவர் வழுக்கி விழுந்தார். போக வேண்டியவள் திரும்பி வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தாள். விசில் பறந்தது.

மூன்றாம் நாள் தானே தோள் கொடுத்து இடித்தார். கதவு அப்படியே நின்றது, பக்கத்துச் சுவர் சாய்ந்தது. பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த தச்சரை ஊரே பார்த்தது. சுவர் இல்லாத பக்கமாக அவள் போயிருக்கலாம். போகாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கும் சிரிச்சாங்கன்னா இடத்தைக் காலி பண்ணுங்க" என்றார் அரங்கத்துக்காரர். அன்று வீட்டில் தலைவர் மனைவியைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

"நாளைக்குச் சரியாப் போயிடறேங்க" என்றாள் அவள்.

போனாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது. அவள் அவரை ஒரு கணம் நிதானமாகப் பார்த்துவிட்டு வெளியேறினாள். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தி தேம்பினாள். அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரை விழுந்தது. சபைக்கு வணக்கம் சொல்ல அவளைத் தேடினார். ஒப்பனை அறை காலி. மேடைக்குப் பின்னால் தச்சர் மட்டும் சுத்தியலோடு நின்றார்.

"இத்தனை நாள் இந்தக் கதவுக்கு என்னய்யா கேடு?"

"கதவுக்கு ஒண்ணுமில்லீங்க. 'திறந்தா நிஜமாவே போயிடுவேன்'னு சொல்லி அம்மாதான் தினம் பின்னால ஆணி அடிக்கச் சொல்வாங்க. இன்னிக்கு அவங்களே வந்து பிடுங்கச் சொல்லிட்டாங்க."