வரும்போது விழும் விமானம்

விமானம் வேலிப்புதருக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. வால் மட்டும் வெளியே தெரிந்தது. ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர் ரிமோட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி அந்த வாலையே முறைத்துப் பார்த்தார்.

"சிக்னல் போயிடுச்சு," என்றார்.

மனைவி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போன வாரமும் சிக்னல்தான் போனது. அதற்கு முந்தின வாரம் விமானம் கழிவுநீர்க் கால்வாயில் இறங்கியபோதும் போனது சிக்னல்தான். எழுந்து போய்ப் புதரிலிருந்து அதை இழுத்து எடுத்தாள். இறக்கையில் ஒரு துண்டு அங்கேயே தங்கிவிட்டது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றார்," என்றாள். "வீடு கிடைக்கிற வரைக்கும் நம்ம பின்னறையிலதான் இருக்கப்போறார்."

மச்சான் வீடு தேடுகிற லட்சணம் ஊரறிந்தது. போன ஊரில் ஒரு நண்பர் வீட்டில் இப்படித்தான் வீடு கிடைக்கிற வரை தங்கினார். கடைசியில் நண்பர்தான் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்.

பின்னறை போனால் ஆசிரியருக்கு எல்லாமே போன மாதிரி. நாள் முழுக்க யாரோ ஒருவர் வண்டி ஓட்ட, இவர் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டாவது பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பார். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதருக்குத் தனக்கென்று ஓட்ட ஒரு வண்டி இல்லை. அதனால்தான் பின்னறையில் உட்கார்ந்து தெர்மாகோலையும் மெல்லிய பலகையையும் வெட்டி, ஒட்டி, தேய்த்து, தன் கையாலேயே இந்த விமானத்தைச் செய்தார். அதன் மேல் அவருக்கு இருந்த பாசத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவர் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கெஞ்சினார். மனைவி இளகினாள், ஆனால் பாதிதான் இளகினாள்.

"சரி. ஞாயித்துக்கிழமை அண்ணன் முன்னாடி இது ஒழுங்கா பறந்து ஒழுங்கா இறங்கட்டும். அண்ணனை வேற இடம் பார்க்கச் சொல்றேன். விழுந்துச்சுன்னா இதெல்லாம் பரண் மேல போயிடும், நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

மறுநாள் உடைந்த விமானத்தை அப்படியே தூக்கிக்கொண்டு அதற்குள் சிக்னலை வாங்குகிற ரேடியோப் பெட்டியை வாங்கிய கடைக்குப் போனார். கடைக்கார அம்மாள் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார், மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார், இரண்டு ஒயரை இழுத்துப் பார்த்தார், மறுபடி மூடினார்.

"கோளாறு எதுவும் தெரியலையே சார்."

கடையில் வைத்துப் பார்த்தால் எப்படித் தெரியும் என்று ஆசிரியர் எகிறினார். அம்மாள் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கணினியில் மாட்டி ஒரு ஏற்பாடு செய்துகொடுத்தார்.

"இனிமே நடுவுல சிக்னல் போனா பயப்படாதீங்க. மோட்டார் தானா அடங்கிடும். இடது பக்கமா வட்டம் போட்டு வட்டம் போட்டு மெதுவா தரையில உட்கார்ந்துடும்."

இரண்டு நாள் கழித்து இறக்கையை ஒட்டவைத்துப் பறக்கவிட்டார். வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. போனது, திரும்பியது, தலைகுப்புற விழுந்தது. ஈரம் காயாத மண்ணோடு மறுபடி கடைக்கு வந்து மேஜை மேல் வைத்தார். சிக்னல் போனால் தானாக இறங்கும் என்ற பேச்சு என்னாயிற்று என்று கேட்டார். அம்மாள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"ஒரு தடவை நீங்க பறக்கவிடும்போது நான் கூட இருந்து பார்க்கணும் சார்."

"ஞாயித்துக்கிழமை வாங்க. விழுந்துச்சுன்னா ரேடியோவை அங்கேயே உங்க கையில கொடுத்துட்டு வந்துடுவேன்," என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. சந்தேகம் முதலில் மேல்வீட்டு வைஃபை மேல் விழுந்தது. அதை அணைக்கச் சொல்லி மாடியேறினார். மேல்வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து ஒரு நேர்முகத் தேர்வில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் போட்டிருந்தது மேலே கோட்டு, கீழே அரைக்கால் டவுசர். கதவைத் திறக்க எழுந்ததால் அந்த ரகசியம் தேர்வாளர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து மேல்வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றது.

அடுத்து, வீட்டு மின்சாரமே காரணமாக இருக்கலாம் என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இருட்டில் விமானத்தைச் சோதித்தார். சோதனை முடிந்த நிம்மதியில் சுவிட்சைப் போட மறந்து வேலைக்குப் போனார். சாயங்காலம் ஃப்ரிட்ஜிலிருந்து வழிந்த தண்ணீர் சமையலறையைத் தாண்டி வாசல் வரை வந்து அவரை வரவேற்றது. மனைவி துடைப்பத்தோடு நின்றாள். அந்தச் சந்திப்பைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

பெரிய பேட்டரி போட்டார், மூக்கு கனத்துத் தரையை விட்டு எழவே மாட்டேன் என்றது. ஆன்டெனா கம்பியை வெளியே இழுத்துவிட்டார், விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறி அதைக் கச்சிதமாக நறுக்கிவிட்டது. புதுக் கம்பி வைத்தார். மனைவியை விமானத்தோடு சமையலறையில் நிறுத்திவிட்டு, ரிமோட்டோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"வால் ஆடுதா?"

"ஆடுது."

மாடிப்படிக்குப் போய்க் கேட்டார். தெருவுக்குப் போய்க் கேட்டார். அங்கிருந்தும் ஆடியது. இது அவருக்கு இன்னும் கவலையாகிவிட்டது. வேண்டுமென்றே நல்ல பிள்ளை மாதிரி நடிக்கிறது என்றார்.

மனைவி விமானத்தைக் கீழே வைத்தாள். "போகும்போது ஒழுங்காத்தான் போகுது. நம்மளைப் பார்த்துத் திரும்பி வரும்போதுதான் விழுது. வரும்போது மட்டும் சிக்னலுக்கு அப்படி என்ன ஆகுது?"

"அதான் கோளாறே. வரும்போது நான் இடதுன்னா அது வலது போகுது. இன்னும் இழுத்து இடதுன்னா இன்னும் வலது போகுது. நடுவுல ஏதோ கெட்ட சிக்னல் புகுந்து குழப்புது."

கண்ட சிக்னலையெல்லாம் உள்ளே விட்டால் இப்படித்தான் ஆகும் என்று அவருக்குப் பட்டது. சனிக்கிழமை காலை சமையலறையிலிருந்து அலுமினியத் தாள் சுருளை எடுத்தார். விமானத்துக்குள் இருந்த ரேடியோப் பெட்டியையும் அதன் புதுக் கம்பியையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றி, ஓரம் மடித்து, கெட்ட சிக்னல் நுழைய ஊசிமுனை இடம்கூட இல்லாமல் பொட்டலம் கட்டினார். தன்னுடைய நல்ல சிக்னல் எப்படி நுழையும் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. குளியலறையிலிருந்து சோதித்தார். வால் ஆடியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிரச்சினையின் வேரைப் பிடித்துவிட்ட திருப்தியோடு மூடியை ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் பேருந்து நிலையத்திலிருந்து நேராக மைதானத்துக்கே வந்துவிட்டார். இரண்டு பெட்டி, ஒரு மேஜை விசிறி, ஒரு தலையணை. தலையணையைக் கொண்டுவருகிற விருந்தாளி எத்தனை நாள் இருப்பார் என்று ஆசிரியர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியிலேயே விட்டுவிட்டார். கடைக்கார அம்மாள் ஸ்கூட்டரில் வந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

"மாப்பிள்ளை, அந்த ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று மச்சான் விசாரித்தார்.

ஆசிரியர் காதில் வாங்கவில்லை. உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மோட்டாரை முடுக்கினார். விமானம் புல்லில் ஓடி, ஒரு குலுக்குக் குலுக்கி, எழுந்தது. போகும்போது என்றைக்கும் போல அழகாகப் போனது. மரங்களின் உயரத்தைத் தாண்டி, மைதானத்தின் கோடி வரை போய்ச் சின்னதாகத் தெரிந்தது. இனி திருப்பியாக வேண்டும்.

திருப்பினார். விமானம் இவர்களைப் பார்த்து வரத் தொடங்கியது. மனைவி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். மச்சான் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தது, மூக்கு கீழே தாழ்ந்தது, எல்லா வாரமும் நடப்பது இந்த வாரமும் நடக்கப்போகிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்துபோனது. முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்து, இல்லாத பிரேக்கை வலது காலால் ஓங்கி மிதித்து, இடது, இடது என்று நெம்பினார்.

விமானம் நிமிர்ந்தது. இடது பக்கம் திரும்பியது.

அவரால் நம்ப முடியவில்லை. வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைத்து விரலைக் கொண்டுபோவதற்குள் மோட்டார் சத்தம் அடங்கியிருந்தது. இடது என்றார், இடது வந்தது. இன்னும் இடது என்றார், இன்னும் வந்தது. தலைக்கு மேலே பெரிதாக ஒரு வட்டம், அதற்குள் கொஞ்சம் சின்னதாக இன்னொன்று. காற்றில் தட்டைப் பிடித்து இறக்குகிற மாதிரி இறங்கி, மனைவியின் செருப்புக்கு நாலடி தள்ளிப் புல்லில் வந்து உட்கார்ந்தது. ஒரு கீறல் இல்லை.

மனைவிதான் முதலில் கைதட்டினாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் ஆசிரியருக்கும் கலங்கியது. மச்சான் பெருந்தன்மையாக, இந்தக் கை சாதாரணக் கை இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஊரில் நல்ல விடுதி எது என்று தங்கையிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள்.

ஆசிரியர் ரிமோட்டைக் கழுத்தில் மாலை போலத் தொங்கவிட்டுக்கொண்டார். "சிக்னல் மட்டும் ஒழுங்கா இருந்தா நான் எப்படி ஓட்டுவேன்னு இப்பவாவது தெரிஞ்சுதா? இதைத்தான் நான் முதல்லேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

கடைக்கார அம்மாள் புல்லில் மண்டியிட்டு விமானத்தின் மூடியைத் திறந்திருந்தார். அலுமினியத் தாளை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். கடைசிச் சுற்றுக்குள்ளே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விடாமல் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், ஒரு தடவை சிக்னல் அறுந்தாலும் இந்த விளக்கு சிமிட்ட ஆரம்பிச்சுடும், நாம நிறுத்துற வரைக்கும் நிக்காது," என்றார் நிதானமாக. "நீங்க உடைச்சு எடுத்துட்டு வந்தப்பெல்லாம் மூடியைத் திறந்து நான் பார்த்தது இதைத்தான். அப்பல்லாம் இது சிமிட்டவே இல்லை, எதிர்ல வரும்போது அதோட இடது நமக்கு வலதா தெரியும், அவ்வளவுதான். இன்னிக்குத்தான் மொத தடவையா சிக்னல் போயிருக்கு."