நாங்களே வைத்த தீ

என் வாழ்நாளில் ஒரே ஒரு தீயைத்தான் அணைக்கப் போயிருக்கிறேன். அதுவும் நாங்களே வைத்த தீ. (அணைந்ததா என்று அவசரப்பட்டுக் கேட்காதீர்கள்.)

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருச்சுழி சர்க்கார் கச்சேரியில் நான் தற்காலிகக் குமாஸ்தா. இரண்டு வருஷமாகவே தற்காலிகம். பாலவனத்தத்தில் இருந்த என் தாய்மாமா, "வேலை நெரந்தரமாகட்டும் மாப்ள, அப்புறம் பரிசம் போடுவோம்" என்று சொல்லியிருந்தார். மாமா மகள் செல்லத்தாய் எனக்காகக் காத்திருந்தாள். (அப்படித்தான் நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.)

குண்டு விழுந்தால் தீயை அணைப்பது எப்படி என்று கச்சேரி ஆட்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பொட்டல் காட்டில் குண்டு போட்டால் ஜப்பான்காரனுக்குத்தான் நஷ்டம் என்று அவரிடம் யார் சொல்வது?

முதல் இரண்டு நாளும் காலி வாளிகள். வரிசையாக நின்று கைமாற்றிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் நின்று வீசுகிற ஆள் நான். வெறும் காற்றைத்தான் வீசினேன், ஆனால் என்ன வேகம்! ஆபீசர் அசந்துபோய், எங்கள் டிப்டி தாசில்தாரிடம், "பையன் கெட்டிக்காரன். நாளைக்கும் இப்படிச் செஞ்சான்னா, இவனை நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதித் தர்றேன்" என்றார். எனக்கு அப்போதே கழுத்தில் மாலை விழுந்துவிட்டது.

மூன்றாம் நாள் நிஜத் தீ. "படிச்சா மறந்துரும், செஞ்சாத்தான் கையில நிக்கும்" என்பது ஆபீசரின் கொள்கை. மைதானத்தில் ஒரு பனையோலைக் குடிசை போட்டோம். சித்திரை மாதம். ஊருணி வற்றி, பெண்கள் அதற்குள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டுகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து இரண்டு பீப்பாய் தண்ணீர் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. ஊற்றடியில் நின்ற அத்தனை குடங்களும் மைதானத்துக்கு வந்துவிட்டன.

குடிசைக்குத் தீ வைத்தார்கள். ஆபீசர் விசில் ஊதினார். முதல் வாளி என் கைக்கு வந்தது. தளும்பத் தளும்ப, கண்ணாடி மாதிரித் தண்ணீர். அரைச் செம்பில் முகம் கழுவி வளர்ந்த கை, வீச மறுத்துவிட்டது. உள்ளங்கையில் அள்ளி அள்ளித் தெளித்தேன்.

"ஊத்துய்யா! வாசலா தெளிக்கிற?" என்று ஆபீசர் கத்தினார்.

அப்போது பக்கத்தில் குடத்தோடு நின்ற ஓர் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "ஏய்யா, நீங்க வச்ச தீதான, எரிஞ்சிட்டுப் போகுது. இதுல ஊத்துங்கய்யா. பிள்ளைகளுக்கு ஒல வைக்கணும்."

நான் யோசித்ததாக ஞாபகமே இல்லை. வாளி குடத்துக்குள் கவிழ்ந்தது. அடுத்த வாளி அடுத்த குடத்துக்கு. திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பியூன் முதல் தலைமைக் குமாஸ்தா வரை எல்லோரும் அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு நாள் பழகிய வேகம் அப்போதுதான் உபயோகப்பட்டது.

குடிசை எரிந்து, பக்கத்தில் ஆபீசருக்காகப் போட்ட பந்தலும் எரிந்தது. நாற்காலியில் கழற்றி வைத்திருந்த அவருடைய தொப்பியும் போயிற்று. கடைசியில் வண்டிக்காரர் மண்ணை அள்ளி வீசி அணைத்தார். மண்ணுக்கு எங்கள் ஊரில் என்றைக்கும் பஞ்சமில்லை.

டிப்டி தாசில்தார் காவிரிக் கரைக்காரர். "ரெண்டு பீப்பாய் தண்ணி எங்கேய்யா?" என்றார்.

"குடத்துல இருக்குங்கய்யா" என்றேன்.

நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. வெளியே சிரித்துக்கொண்டு உள்ளுக்குள் அழுதேன். வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று மாமாவிடம் சொல்லப் பாலவனத்தத்துக்குப் பஸ் ஏறினேன். எனக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

"தீயை விட்டுட்டுக் கொடத்துல ஊத்துனியாமே?" என்றார் மாமா.

அந்த வருஷம் அவர் வீட்டுக் கிணறும் வற்றிக் கிடந்தது. அதை எட்டிப் பார்த்துவிட்டு, "வேலை இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வருது. வார வைகாசியிலேயே கல்யாணத்த வச்சுக்கிருவோம்" என்றார்.

வேலை நிரந்தரமாக மேலும் மூன்று வருஷம் ஆயிற்று. அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆனால் இன்றைக்கும் அடுப்படியில் ஏதாவது கருகி, பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டால், செல்லத்தாய் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்:

"அப்பாவக் கூப்பிடாதீக! அவுக வாளியத் தூக்கிட்டுப் போயி அடுத்த வீட்டுக் கொடத்துல ஊத்திருவாக."