மாமியார் வைத்துவிட்டுப் போன தவளை

வருடக் கடைசியில் வீட்டை மொத்தமாகக் கவிழ்த்துச் சுத்தம் செய்கிற நாளில், இசெசாக்கி மோரியோ துறவு பூண்டார். தலையை மழிக்கவில்லை. மலையேறவில்லை. ரப்பர் பொம்மைகளை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஃபுனபாஷியில் அடுக்குமாடி வீடு. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். நகரத்து லிஃப்டுகள் எல்லாம் இவர் சொன்னால் ஏறும், இறங்கும். வீட்டில் மனைவி ஃபுசாயே சொன்னால் இவர் ஏறுவார், இறங்குவார்.

பொம்மைகள் கட்டைவிரல் உயரம். 'சேற்றுக் கோட்டை' என்று ஒரு வீடியோ கேம். அதில் வரும் தளபதிகள், பூதங்கள், காளான் காவலர்கள். மோரியோ பள்ளிக்கூடம் போன காலத்தில் மிட்டாய்க்கடை வாசலில் இயந்திரம் நிற்கும். காசு போட்டுத் திருகினால் ஓர் உருண்டை விழும். உள்ளே ஒரு பொம்மை. அழிரப்பர் என்று சொல்லி விற்றதால் பெற்றோர்களும் படிப்புச் செலவு என்று நம்பினார்கள். அழித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எழுத்து இருக்கும், தாள்தான் போகும்.

அவர் வயதுக்காரர்களுக்குத் தலைமுடி கொட்டிய காலத்தில் மோரியோவுக்குப் பொம்மை சேர்ந்தது. சுவர் அலமாரியின் மேல்தட்டு முழுக்க அதுதான். அந்தத் தட்டின் மேல் ஃபுசாயேவுக்குப் பல வருடமாகக் கண். அவளுடைய தையல் மிஷின் குளியலறை வாசலில் நின்றது.

"நிஜமாவே எல்லாத்தையும் குடுத்திடறீங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னா சொன்னதுதான்."

"போன வருஷமும் சொன்னீங்களே."

"அது ஒத்திகை."

"குடியிருப்புச் சங்கத்து ஆளுங்க கீழ வந்திருக்காங்க. பிள்ளைங்க விழாவுக்குப் பரிசாக் குடுப்பாங்களாம். மூட்டையை நான் எடுத்துட்டுப் போகவா?"

"நானே எடுத்துட்டுப் போறேன். என் கையால போகட்டும்."

மூட்டையைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டார். ஃபுசாயே ஒரு கணம் இரக்கப்பட்டதாகக்கூடத் தெரிந்தது. மூட்டை போனது, மிஷின் வந்தது.

மூட்டையில் போனது கூட்டம். தலைவர்கள் போகவில்லை. பொறுக்கி எடுத்த பதினைந்து பேரை மெல்லிய தாளில் தனித்தனியாகச் சுற்றி, முதல் நாளே பரண்மேல் ஏற்றிவிட்டார் மோரியோ. அதில் முதல்வர் தவளை மந்திரி. மற்ற எல்லாத் தவளைகளும் சதை நிறம். இவர் சாம்பல். ஏதோ ஒரு தொகுப்பில் சாயம் மாறிப்போய்ப் பிறந்தவர். சிறு வயதில் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் பார்த்து ஏங்கியதை, நரைத்த பிறகு ஒரு பழைய பொம்மைக் கடையில் பிடித்தார். அன்று இரவு தூங்கவில்லை.

ஒளித்த இடத்தில்தான் அவர் மூளை தெரிந்தது. மகள் சயோகா பிறந்தபோது மாமியார் வாங்கிக் கொடுத்த மார்ச் மாதப் பொம்மைகள், ராஜா ராணி பரிவாரம், அட்டைப் பெட்டிகளில் பரணில் கிடந்தன. பெண் பிள்ளைக்காக வைக்கிற பொம்மைகள். சயோகா கல்யாணமாகி சப்போரோ போய்விட்டாள். மாமியார் காலமாகிவிட்டார். அந்தப் பெட்டியை இனி யார் திறப்பார்கள்?

பிப்ரவரியில் ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், செருப்பு ஒன்று காலில் இருக்க, ஒன்று கையில் இருக்க, அப்படியே நின்றார். கூடத்தில் ஏழு படி. சிவப்புத் துணி. உச்சிப்படியில் ராஜா, ராணி. இருவருக்கும் நடுவில் தவளை மந்திரி கொலுவீற்றிருந்தார். கீழே ஒவ்வொரு பொம்மைக்கும் பக்கத்தில் ஒரு தளபதியோ பூதமோ.

"இது... என்ன திடீர்னு?"

"இந்த வருஷம் வைக்கணும்போல இருந்துச்சு. நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. அந்தச் சின்னது எல்லாம்?"

"அதான் ஆச்சரியம். பெட்டிக்குள்ள தாள் சுத்தி வச்சிருந்துச்சு. உங்களோடதுதான் எல்லாம் போயிடுச்சே. உங்க கையாலயே குடுத்தீங்க."

"ஆமா."

"அப்போ அம்மாதான் வச்சிருப்பாங்க. பேத்திக்குன்னு வாங்கிட்டு, சொல்ல மறந்திருப்பாங்க."

மோரியோ கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். உண்மையைச் சொன்னால் துறவு போய்விடும். துறவு போனால் மேல்தட்டுக் கதை மறுபடி ஆரம்பிக்கும்.

"அத்தை அப்படிச் செய்யக்கூடியவங்கதான்" என்றார்.

"இந்தத் தவளையைப் பாருங்க. மூஞ்சி உங்க ஆபீஸ் டைரக்டர் மாதிரி."

மோரியோ திட்டம் போட்டார். மார்ச் மூன்று, பெண் பிள்ளைகள் விழா, முடிந்த கையோடு படியைக் கலைத்துவிட வேண்டும். தாமதித்தால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்பார்கள். கல்யாணமான பெண்ணுக்கு எங்கே தள்ளிப்போவது என்று கேட்கக் கூடாது, வழக்கம் வழக்கம்தான். கலைக்கிற வேலையைத் தானே ஏற்றுக்கொண்டால், பெட்டிக்குப் போகிற வழியில் பதினைந்து பேரும் சட்டைப்பைக்குப் போகலாம்.

"இந்தத் தடவை எடுத்து வைக்கிற வேலை என்னோடது" என்றார்.

"நீங்களா? காபிக் கப்பே எடுத்து வைக்க மாட்டீங்களே."

"மாறிட்டேன்."

"தெரியுது" என்றாள் ஃபுசாயே.

மூன்றாம் தேதி ஃபுசாயேவின் அக்கா கிமியே சிச்சிபுவிலிருந்து வந்தாள். மோரியோ அவள் வீட்டுப்பக்கம் போய் வெகுகாலம். ஒவ்வொரு தடவையும் எங்காவது ஒரு லிஃப்ட் நின்றுவிடும். கிமியே விழாவுக்கென்று ஊற்றும் வெள்ளை மது ஒரு வாய் குடித்தாள், படியைப் பார்த்தாள், கண் கலங்கினாள்.

"அம்மா வச்சதா இதெல்லாம்? என்கிட்டகூடச் சொல்லலியே. ஃபுசாயே, ஒண்ணே ஒண்ணு நான் எடுத்துக்கவா? அம்மா ஞாபகமா."

"எது வேணுமோ எடுத்துக்கோ அக்கா."

கிமியேவின் கை உச்சிப்படிக்குப் போனது.

"பொறுங்க அக்கா" என்றார் மோரியோ.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"என்ன தம்பி?"

"அத்தை ஞாபகமா இருக்கிறதைப் பிரிக்கலாமா? அவங்க ஒண்ணாத்தானே வச்சிட்டுப் போனாங்க. எல்லாம் சேர்ந்து அத்தை முன்னாடியே இருக்கணும். அதுதான் மரியாதை."

அவர் நினைத்தது புத்தக அலமாரியில் இருந்த மாமியாரின் போட்டோவை. அதன் முன்னால் வைத்தால் பொம்மைகள் வீட்டிலேயே இருக்கும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே பார்க்கலாம். ஒரு பேச்சில் தவளையையும் காப்பாற்றி, நல்ல மருமகன் என்றும் பேர் வாங்கியாயிற்று. வாழைத்தண்டுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கிமியே கைக்குட்டையை எடுத்தாள்.

"தம்பி, உங்களைப் பத்தி இத்தனை வருஷம் என்னென்னவோ நினைச்சிட்டேன். நீங்க சொல்றதுதான் சரி. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறேன்."

"எங்க?"

"அம்மா முன்னாடி வைக்கத்தான். பெரியவங்களைக் கும்பிடற குடும்ப மாடம் என் வீட்லதானே இருக்கு? மூத்தவ நான்தானே வச்சிருக்கேன்."

"இவர் அதைப் பார்த்து எத்தனை வருஷமாச்சுக்கா" என்றாள் ஃபுசாயே. "மறந்திருக்கும்."

மறக்கவில்லை. நினைத்துப் பார்த்ததே இல்லை. பதினைந்து பேரும், அதே மெல்லிய தாளில், கிமியேவின் கைப்பையில் சிச்சிபு ரயில் ஏறினார்கள். ஒன்றைக் கொடுத்திருந்தால் பதினான்கு மிஞ்சியிருக்கும் என்ற கணக்கு மோரியோவுக்கு ரயில் போன பிறகு வந்தது.

பத்து நாள் போல அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் காலண்டர் முன்னால் நின்றுகொண்டு சாதாரணமாகக் கேட்டார்.

"இந்த மாசம் முன்னோரைக் கும்பிடற வாரம் வருதுல்ல? உங்கக்கா வீட்டுக்குப் போகலாமே."

"லிஃப்ட் எதுவும் நிக்காதா?"

"நிக்காது. நான் பார்த்துக்கறேன்."

போனார்கள். கிமியே வீட்டு முன்னறையில் கறுப்பு அரக்கு பூசிய மாடம். உள்ளே மாமியாரின் படம், ஊதுவத்தி, ஒரு சின்னக் கிண்ண மணி. சுற்றிலும் சேற்றுக் கோட்டைப் படை. நடுவில், மாமியாரின் மோவாய்க்குக் கீழே, சாம்பல் நிறத் தவளை மந்திரி. மோரியோ மண்டியிட்டுக் கைகூப்பினார். அக்காவும் தங்கையும் இனிப்பு உருண்டை எடுக்க அடுப்படிக்குப் போனார்கள்.

கைகூப்பியபடியே எட்டிப் பார்த்தார். யாருமில்லை. சட்டைப்பையில் தயாராகக் கொண்டுவந்திருந்த சதை நிறத் தவளை ஒன்று இருந்தது. சங்கத்துப் பிள்ளைகளின் பரிசில் போகாமல் ஆபீஸ் மேசை இழுப்பறையில் தப்பிக் கிடந்த ஆள். மாற்றி வைத்துவிட்டால் கிமியேவின் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். இரண்டு விரலால் மந்திரியைப் பிடித்தார். தூக்கினார்.

வரவில்லை.

கிமியே எச்சரிக்கையான பெண். நிலநடுக்கத்தில் விழக்கூடாதென்று வீட்டிலுள்ள பூச்சாடி, கடிகாரம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒட்டுப்பசைத் துண்டு வைத்திருப்பாள். தாயின் ஞாபகப் பொருளுக்கு இரண்டு துண்டு வைத்திருந்தாள். மோரியோ மூச்சைப் பிடித்து இன்னொரு இழுப்பு இழுத்தார். மாடம் முழுவதும் முன்னால் வந்து பின்னால் போனது. மணி தானாகவே கணீரென்று அடித்தது. மாமியார் தலைகுப்புற விழுந்தார்.

"நிலநடுக்கம்" என்று கத்திக்கொண்டு கிமியே அடுப்படி மேசைக்கு அடியில் புகுந்தாள்.

ஃபுசாயே புகவில்லை. இனிப்புத் தட்டோடு நிதானமாக வந்து வாசலில் நின்றாள். கணவனின் வலது கை தவளையின் கழுத்தில் இருந்தது. இடது கையில் இன்னொரு தவளை.

"ஃபுசாயே, அத்தை விழுந்துட்டாங்க. பிடிக்கப் போனேன்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அம்மாவின் படத்தை நிமிர்த்தினாள். அவர் இடது கையிலிருந்த தவளையை வாங்கி, மந்திரிக்குப் பக்கத்தில் பதமாக அழுத்தி ஒட்டினாள்.

"விடுங்க, ஆகஸ்ட்ல திதிக்கு மறுபடி வரத்தானே போறோம்" என்றாள். "அதுக்குள்ள உங்க தவளை எங்கயும் போயிடாது. அக்கா நல்லாத்தான் ஒட்டியிருக்கா."