சவரியம்மாவிடம் மிச்சமிருந்த இரண்டு முள்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் தெரு ஜெபக்குழுவான அன்பியத்தில் இருக்கும் பிலோமினா. போன தவக்காலத்தில், மூன்றாம் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் நாங்கள் இரண்டு பேரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவள் மகள் ஷெரின் தவக்காலத்துக்கென்று கறியை விட்டுவிட்டாளாம். கொரியன் சீரியலை விடவில்லையாம். கையால் சாப்பிடுவதையும் விட்டுவிட்டு, புது விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவி, அதில்தான் சேமியா சாப்பிடுகிறாளாம். அந்த வருத்தத்தில் பிலோமினா சொன்ன கதை இது. பாதி எனக்கு மறந்துவிட்டது. மறந்த இடத்தில் நானே கொஞ்சம் போட்டு நிரப்பியிருக்கிறேன், கடவுள் மன்னிப்பாராக.

ஒரு காட்டில் ஒரு சுனை இருந்தது. அந்தக் காட்டுப் பிராணிகளெல்லாம் அங்கேதான் தண்ணீர் குடிக்கும். சிறுத்தையும் அங்கேதான் வரும். அதனால் அவர்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தார்கள். சுனைக்கு மேலே ஒரு பாறை. மற்றவர்கள் தண்ணீர் குடிக்கும்போது ஒருவர் பாறைமேல் நின்று காவல் பார்க்க வேண்டும். சிறுத்தை தலை தெரிந்தால் ஒரு கத்து கத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. காவலில் கெட்டிக்காரன் கபிரியேல் என்கிற குரங்கு.

ஒருநாள் காடு பார்க்க வந்தவர்கள் ஒரு போனையும், வெயிலில் வைத்தால் தானே சார்ஜ் ஏற்றும் ஒரு பலகையையும் சுனைக்கரையில் மறந்துவிட்டுப் போனார்கள். கபிரியேல் அதை எடுத்துத் தட்டினான், தடவினான், நக்கியும் பார்த்தான். உள்ளே பதினாறு பகுதி கொரியன் சீரியல் இருந்தது.

அன்றோடு காட்டில் வேலை நின்றது.

கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்க அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அழ வேண்டிய இடத்தில் சரியாக அழுதார்கள். கதாநாயகன் பெரிய வீட்டுப் பையன். நீளக் கோட்டு போட்டிருப்பான், ஒருவரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டான். கதாநாயகி ஏழைப் பெண். மழையில் அவன் குடை பிடிப்பதற்கே நாலு பகுதி ஆயிற்று. குடை பிடித்த அன்று லில்லி என்கிற புள்ளிமான் மூன்று வேளை புல் மேயவில்லை.

"அவன் கெட்டவன் இல்லடி. சின்ன வயசுல அவங்கம்மா விட்டுட்டுப் போயிட்டா. அதான் அப்படி" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளுடைய சொந்தத் தாய் மூட்டுவலியோடு மூங்கில் புதரடியில் படுத்திருந்தாள். அவளைப் போய்ப் பார்க்கத்தான் லில்லிக்கு நேரம் கிடைக்கவில்லை.

பிறகு சாப்பாடு மாறியது. காட்டு இலையில் மிளகாயைத் தேய்த்து, பானையில் போட்டு மண்ணில் புதைத்தார்கள். பத்து நாள் கழித்துத் தோண்டினால் சுனைவரைக்கும் வாடை. கெட்டுப்போயிற்று என்று ஒரு கரடி சொன்னது. "கிம்ச்சி அப்படித்தான் இருக்கும், உனக்கென்ன தெரியும்" என்று அதை விரட்டினார்கள். இதே பிள்ளைகளுக்கு அவர்கள் அம்மா மாங்காயை உப்பும் மிளகாயும் போட்டு ஊறவைத்துக் கொடுத்தால், தினமும் இதுதானா என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

கிம்ச்சி வந்தாயிற்று. அதை எடுத்துச் சாப்பிடக் குச்சி வேண்டுமே. சீரியலில் எல்லோரும் வழுவழுவென்று இரண்டு குச்சியில்தான் சாப்பிடுகிறார்கள். மரக்குச்சி சொரசொரப்பாக இருந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் சவரியம்மாவின் ஞாபகம் வந்தது.

சவரியம்மா ஒரு முள்ளம்பன்றி. நல்ல ஆத்மா. ஆனால் அவள் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் ஒரு முழம் தள்ளி உட்காருவார்கள், குத்திவிடும் என்று. கல்யாணம், சாவு எதிலும் அவளுக்குக் கடைசி இடம்தான். சீரியலையும் அவள் பின்னால் நின்று, யானையின் காலிடுக்கு வழியாகத்தான் பார்த்தாள்.

லில்லி அவளிடம் வந்தாள். ஒருநாளும் வராதவள்.

"அக்கா, உங்க முள்ளுல ரெண்டே ரெண்டு குடுங்கக்கா."

"எதுக்கும்மா?"

"சாப்பிட. நீங்க முன்னாடி வந்து எங்ககூட உட்காருங்க. ஏன் பின்னாடியே நிக்கிறீங்க?"

முன்னாடி என்ற சொல்லைக் கேட்டதும் சவரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு முள்ளைப் பிடுங்கிக் கொடுத்தாள். வலித்தது. ஆனால் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கையில் அந்தக் குடை எவ்வளவு பெரியதாகத் தெரிந்தது.

அடுத்த நாள் நரி கேட்டது. அதற்கடுத்த நாள் முயல் குடும்பம் முழுக்க வந்து நின்றது. உடைந்துபோயிற்று என்று சிலர், தங்கைக்கு வேண்டும் என்று சிலர். சவரியம்மா இல்லையென்று சொல்லிப் பழகாதவள். முள் குறையக் குறைய அவளை நெருங்கி நெருங்கி உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாம் பகுதியில் ஒரு முயல்குட்டி அவள்மேல் சாய்ந்தே தூங்கிவிட்டது. முள் போனால் போகட்டும், இந்தச் சுகம் எங்கே கிடைக்கும் என்று அவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

குச்சியில் சாப்பிடுவது லேசில்லை. லில்லி ஒரு புல்லை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மூன்று தடவை கீழே விழும். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்போது ஏழு புல் சாப்பிட்டிருப்பாள். விலா எலும்பு தெரிந்தது. பசி அடங்கவில்லை, ஆனால் பார்க்க அழகாக இருந்தது. ஒருநாள் சவரியம்மா பசி தாங்காமல் ஒரு கிழங்கை அப்படியே வாய்வைத்துக் கடித்தாள்.

லில்லி மூக்கைச் சுருக்கினாள். "ஐயே, வாயாலயா சாப்பிடுறீங்க?"

சவரியம்மாவுக்கு உடம்பு கூசிப்போயிற்று. கிழங்கைக் கீழே வைத்துவிட்டாள்.

பதினாறாம் பகுதி அன்று காடே சுனைக்கரையில் கூடியது. சவரியம்மா முதல் வரிசையில், மொட்டையாக, ரோஸ் நிறத்தில், தோலுரித்த உருளைக்கிழங்கு மாதிரி உட்கார்ந்திருந்தாள். வால் பக்கம் இரண்டே இரண்டு முள் மிச்சம். காவல் முறை கபிரியேலுடையது. அவன் பாறைமேல்தான் நின்றான், ஆனால் போன் பக்கமாகத் திரும்பி நின்றான்.

சிறுத்தை வந்தது.

கபிரியேல் கடைக்கண்ணால் பார்த்துவிட்டான். கத்தத்தான் வாயைத் திறந்தான். அந்நேரம் பார்த்து கதாநாயகன் விமான நிலையத்தில் அவள் பின்னால் ஓட ஆரம்பித்தான். கீழேயிருந்து நாலு பேர் "ஷ்ஷ்" என்றார்கள். கபிரியேல் வாயை மூடிக்கொண்டான்.

சிறுத்தை கூட்டத்தின் நடுவே நடந்துவந்து நின்றது. ஒருவரும் ஓடவில்லை. சிறுத்தைக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

"எனக்குப் பசிக்குது" என்றது. "இன்னைக்கு யாரு?"

எல்லோரும் கண்ணைப் போனிலிருந்து எடுக்காமலே குச்சியை நீட்டினார்கள். அத்தனை குச்சியும் சவரியம்மாவைக் காட்டியது. அத்தனையும் அவள் உடம்பிலிருந்து போனவை.

"அவங்களை எடுத்துக்குங்கண்ணே" என்றாள் லில்லி. "முள்ளே கிடையாது. தொண்டையில சிக்காது."

சவரியம்மா தன்மேல் சாய்ந்திருந்த முயல்குட்டியை மெதுவாக நகர்த்தி வைத்தாள். பிறகு சிறுத்தையிடம், "தம்பி, முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. அவங்க சேர்ந்தாங்களான்னு பார்த்துட்டுப் போயிடறேன்" என்றாள்.

சாகப்போகிறவள் கேட்கிறாள், அதையும் மறுப்பானேன் என்று சிறுத்தை பக்கத்தில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் நகத்தைப் பார்த்தது. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தது. அப்புறம் போனைப் பார்த்தது.

"அந்தப் பையன் ஏன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறான்?"

"ஷ்ஷ்" என்றார்கள். சிறுத்தை வாயை மூடிக்கொண்டது.

அவன் சொன்னான். அவள் அழுதாள். பனி பெய்தது. ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். சிறுத்தை முன்னங்காலால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அந்தக் கோட்டுக்காரன் நடை அப்படியே உங்க நடைதாண்ணே" என்று நரி சொல்லிவைத்தது. சிறுத்தைக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

ஆனால் பசி பசிதானே. படம் முடிந்ததும் அது சவரியம்மா பக்கம் திரும்பியது. அவள் கண்ணை மூடி ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். சிறுத்தை வாயைப் பெரிதாகத் திறந்து குனிந்தது. மூச்சுக்காற்று அவள் மொட்டைத் தலையில் சூடாக விழுந்தது.

லில்லி மூக்கைச் சுருக்கினாள். சவரியம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் இல்லை. பழக்கம் அப்படி.

"ஐயே, வாயாலயா சாப்பிடுவீங்க?"

சிறுத்தை திறந்த வாயோடு நின்றது. சுற்றிலும் பார்த்தது. எல்லோரும் குச்சியைப் பிடித்துக்கொண்டு, பாவம், இதற்கு ஒன்றும் தெரியாது என்கிற மாதிரி அதைப் பார்த்தார்கள். அது மெதுவாக வாயை மூடியது.

"இல்ல, சும்மா மோந்து பார்த்தேன்" என்றது.

சவரியம்மா கண்ணைத் திறந்தாள். பின்னால் கைவிட்டு, வாலில் மிச்சமிருந்த இரண்டு முள்ளையும் பிடுங்கினாள். "இந்தாங்க தம்பி" என்று நீட்டினாள்.

அன்று பொழுது சாயும்வரை சிறுத்தை அவளை இரண்டு குச்சியால் தூக்கப் பார்த்தது. மொட்டை உடம்பு, உருண்டை உடம்பு. இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் உருண்டாள். "கட்டைவிரலை அடியில கொடுங்கண்ணே" என்று கபிரியேல் சொல்லிக்கொடுத்தான். சிறுத்தைக்கு ஏது கட்டைவிரல். கடைசியில், "நல்லாப் பழகிட்டு நாளைக்கு வர்றேன்" என்று கிளம்பிப் போயிற்று.

மறுநாள் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒளிந்து நின்று வாயால் தின்றிருக்கலாம்தான். ஆனால் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் கூட்டத்தில் எப்படி முகம் காட்டுவது? எப்போதாவது ஒரு நண்டு குச்சியில் மாட்டும். அதோடு சரி.

சவரியம்மாவுக்கு முள் திரும்ப முளைத்தது. லில்லி வந்து, "அக்கா, ரெண்டே ரெண்டு" என்றாள்.

"தர்றேம்மா. முதல்ல தம்பிக்குக் குடுத்துட்டு, மிச்சம் இருந்தா" என்றாள் சவரியம்மா. சிறுத்தைக்கு வாரம் ஒரு சோடி முள் உடையும். ஒரு சோடிகூடத் தவறாமல் அவள் கொடுத்துவருகிறாள். மிச்சம்தான் இதுவரை இருந்ததில்லை. இப்போது முதல் வரிசையில் சிறுத்தை பக்கத்தில் அவளுக்குத்தான் இடம். மற்றவர்கள் பழையபடி ஒரு முழம் தள்ளித்தான் உட்காருகிறார்கள். அவளுக்குக் காற்று நன்றாக வருகிறது.

நீதி: ஆபத்து வேளையில் அக்கம்பக்கத்தாரின் அன்பை நம்பாதீர்கள். அவர்களுடைய பீற்றலை நம்புங்கள், அது ஒருநாளும் கைவிடாது.

கேட்டதற்கு நன்றி. எழுந்து போகும்போது உங்கள் வீட்டு விளக்குமாறு மெலிந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.