நான்காம் பாத்திச் சோளம் குறித்து மைத்துனருக்கு

மரியாதைக்குரிய மைத்துனர் ஜஃபெத்தி அவர்களுக்கு,

டெட்சாவிலிருந்து லமெக்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். லிலோங்வேயில் தங்கள் வீட்டாரும் தாங்கள் ஓட்டும் பேருந்தும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். எங்கள் கல்யாணத்துக்குப் பொறுப்பேற்றவர் தாங்கள்தான். தங்கள் தங்கையைப் பற்றி முறையிட எனக்கு வேறு ஆள் இல்லை. நான் மிகவும் களைத்துப் போயிருக்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின மழைக்குக் கல்லூரியிலிருந்து லுசுங்கு என்ற பெண் வந்தாள். கையில் காசில்லாத விவசாயி மண்ணை எப்படிக் காப்பாற்றலாம் என்று ஆராய்ச்சி. நம் வயலை, அதாவது தங்கள் தங்கை எனெரெசியின் வயலை, நான் மனைவி ஊருக்கு வந்து குடியேறியவன்தானே, நான்கு பாத்தியாகப் பிரித்து மக்காச்சோளம் போடச் சொன்னாள். ஒன்றில் கடை உரம், ஒன்றில் ஊடே துவரை, ஒன்றில் அளந்து போட்ட ஆட்டு எரு, நான்காவதில் ஒன்றுமே கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க அது வெறுமனே கிடக்க வேண்டுமாம். கிடக்கட்டும் என்றேன். ஆனால் அது சர்ச்சுக்குப் போகிற பாதையோரம் அமைந்துவிட்டது. ஞாயிறு தவறாமல், "என்ன எனெரெசி, உங்க சோளம் உபவாசமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெண்கள் பாட்டுப் பாடப் போவார்கள்.

இந்த மழைக்கு நான்காம் பாத்தி கருகருவென்று எழுந்து, எருப் போட்ட பாத்தியை விட ஒரு முழம் கூடுதலாக நின்றது. லுசுங்கு இலையை அளந்தாள், மறுபடி அளந்தாள், பேராசிரியர்களை அழைத்து வந்தாள். ஐந்து பேர் மண்டியிட்டு மண்ணை முகர்ந்து, இதுவரை யாரும் அறியாத ஏதோ ஒன்று இந்த மண்ணில் இருக்கிறது என்றார்கள். அவர்கள் விருந்துக்கு நம் கோழிகள் இரண்டு அன்றோடு போயின. அவர்கள் போனபின் எனெரெசியைக் கேட்டேன்.

"ஆமா, நான்தான் எரு போட்டேன். பசியோட நிக்கிறதைப் பாத்துக்கிட்டே எப்படிங்க கடந்து போறது?"

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத்தான் நல்லாப் பேச வரும்."

நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆனால் பக்கத்து வயல் மாலிசானி வந்து, "பேராசிரியருங்களே சொல்லிட்டாங்க, நம்ம மண்ணுக்கு ஒண்ணும் வேண்டாமாம். வர்ற வருஷம் நானும் எரு போடப்போறதில்ல" என்றான். அவனுக்கு ஆறு பிள்ளைகள். மறுநாள் லுசுங்குவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். பிறகு எனெரெசியிடம், "எத்தனை கூடை போட்டீங்கம்மா?" என்றாள்.

"எண்ணலியே. மனசுக்குப் பட்டப்பல்லாம் போட்டேன்."

லுசுங்கு சிரித்தாள், அப்புறம் அழுதாள். ரெண்டு வருஷ வேலை மைத்துனரே, அவள் பட்டமே அதில்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் மாலிசானி வீட்டுக்குத்தான் நடந்தாள். அதை நினைத்தால் எனக்குத் தலை நிமிரவில்லை.

ஆகவே தாங்கள் நேரில் வந்து தங்கையைக் கண்டிக்க வேண்டும். இனி இந்த வயலில் ஒரு பிடி மண்ணைக்கூட எந்த ஆராய்ச்சிக்கும் தருவதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். முடிவில் மாற்றமில்லை.

தங்கள் மனைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தங்கள் பாதையில் பள்ளங்கள் குறையட்டும்.

தங்கள் பணிவுள்ள,
லமெக்கி

பி.கு.: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போதே லுசுங்கு வந்தாள். பட்டினி போடும் பாத்தியை இனி யார் வயலிலும் வைக்க மாட்டாளாம், கல்லூரி நிலத்திலேயே வைத்துக்கொள்வாளாம். இங்கே எனெரெசி மனசுக்குப் பட்டபடி எருப் போட வேண்டும், ஒவ்வொரு கூடையையும் எடைபோட்டு எழுத வேண்டும், அதுதான் புது ஆராய்ச்சி. நிலம் யாருடையதோ அவர் கையெழுத்துப் போட்டாயிற்று. எருக் கூடை சுமப்பவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. தாங்கள் வர வேண்டாம். வந்தால் தங்கள் பெயரையும் எழுதிவிடுவாள்.