நாற்பது மார்க் வானமும் இரண்டு விசிலும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

வணக்கம் பல. தாங்களும், சம்பந்தியம்மாவும், தங்கள் குடைக்கடையும், தங்கள் இடது முட்டியும் நலம்தானே? இங்கே நானும் என் மனைவியும் தரையில் நலம். தங்கள் மருமகள், அதாவது எங்கள் பாப்பா, இதை எழுதும் நிமிடம் வரை அவளும் தரையில்தான் நலம். தங்கள் பிள்ளையாகிய எங்கள் மாப்பிள்ளைக்குக் கடிப்பதற்கு நகம் தீர்ந்துவிட்டது, மற்றபடி நலம். போனில் பேசலாம் என்றால் தாங்கள் எதற்கும் "சரி சரி" என்கிறீர்கள். போன வாரம் ராக்கெட் கிளம்பவில்லை என்று நான் தொண்டை கிழியக் கத்தியதற்கு, "ரொம்ப சந்தோஷம், எல்லாருக்கும் ஸ்வீட் குடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவை ஏற்றிக்கொண்டு விண்வெளிக்குப் போகவேண்டிய ராக்கெட், கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு மூன்று தடவையும் கிளம்பவில்லை, மூன்றுக்கும் காரணம் வானிலை என்கிறார்கள், ஆனால் அந்த வானிலை எங்கே இருக்கிறது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. குடும்பத்தார் எங்களை எல்லாம் ஒரு விடுதியில் தங்கவைத்திருக்கிறார்கள். ஏவுதளம் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் பஸ் வரும், ஏறுவோம், பார்வையாளர் மைதானத்தில் இறங்குவோம், பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்காருவோம், கடைசியில் ஒலிபெருக்கியில் ஒரு அம்மாள், இன்று இல்லை என்று தேன் ஒழுகச் சொல்வார், அதே பஸ்ஸில் ஏறித் திரும்பி வருவோம். முதல் தடவை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை, என் வழுக்கை காய்ந்து போனது. ஏன் ரத்து என்றால், மேலே காற்றாம். எனக்குக் கைக்குட்டைகூட அசையவில்லை. "கீழ இல்ல மாமா, மேல" என்றார் மாப்பிள்ளை. விமானம் போகிற உயரத்தில் காற்று ஒரு பக்கம் அடிக்குமாம், அதற்கு மேலே இன்னொரு பக்கம் அடிக்குமாம், ராக்கெட் நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கிக்கொள்ளுமாம். பலூன் விட்டுப் பார்த்தார்களாம். ஒரு பலூன் பேச்சைக் கேட்டு இத்தனை பெரிய வண்டியை நிறுத்துவார்களா, சொல்லுங்கள்!

இரண்டாம் தடவை ஒரே ஒரு மேகம் இருந்தது. தலையணை மாதிரி, பார்க்கவே அழகாக, யாருக்கும் ஒரு தொந்தரவும் செய்யாமல் தொலைவில் நின்றது. அது ஆகாது என்றுவிட்டார்கள். இடி உண்டா, இல்லை. மின்னல் உண்டா, இல்லை. பிறகு என்ன என்றால், அந்த மேகம் சும்மாதான் இருக்குமாம், ராக்கெட் உள்ளே போய்ச் சீண்டினால்தான் மின்னல் வருமாம். மேகத்துக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று தரையில் ஒரு கருவி உட்கார்ந்துகொண்டு சொல்கிறதாம். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மீட்டரே நம் வீட்டு மின்சாரத்தை ஒழுங்காகச் சொல்வதில்லை. மூன்றாம் தடவை காற்றும் இல்லை, தலையணையும் இல்லை, பலூனும் சம்மதித்தது. அன்றைக்கு எங்கோ நடுக்கடலில் அலை அதிகம் என்று ரத்து செய்தார்கள். சம்பந்தி, பாப்பா போவது மேலே. கடல் இருப்பது கீழே. எனக்குத் தலை சுற்றியது.

நான் யார் என்று தங்களுக்குத் தெரியும், ஆனால் அவர்களுக்குத் தெரியவில்லை. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். முழங்கால் தண்ணீரிலும் வண்டி அனுப்பியிருக்கிறேன், பனியில் முன் சக்கரம் தெரியாதபோதும் அனுப்பியிருக்கிறேன். நான் வாசலில் நின்று, டயரைப் பார்த்து, டிரைவர் முகத்தைப் பார்த்து, டபுள் விசில் கொடுக்காமல் ஒரு வண்டியும் வெளியே போனது கிடையாது. சிங்கிள் விசில் என்றால் நில், டபுள் விசில் என்றால் போ, உலகத்தில் இதைவிடத் தெளிவான ஏற்பாடு வேறென்ன இருக்கிறது? இவர்களோ சதவீதம் சொல்கிறார்கள். முதல் தடவை, வானிலை எண்பது சதவீதம் சாதகம் என்று விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். எண்பது மார்க் வாங்கியும் ஃபெயில். எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

கேட்டே விடுவது என்று வானிலை அதிகாரியைத் தேடிப் போனேன். நரைத்த மீசையோடு ஒருவர் இருப்பார் என்று நினைத்தால், நம் பாப்பா வயதில் ஒரு பெண். மேசை நிறையத் திரைகள், ஒவ்வொன்றிலும் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, நாற்காலியின் முதுகில் ஒரு குடை தொங்குகிறது. பார்த்ததும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"ஏம்மா, உங்க கணக்கை நீங்களே நம்பலைன்னா நாங்க எப்படி நம்பறது? மழை இல்லைன்னு பலகையில ஒட்டிட்டுக் குடையோட வர்றீங்களே!"

"மழை வர பத்துல ஒரு வாய்ப்புன்னு ஒட்டினேன் சார். அந்த ஒண்ணு வந்தா நனையறது நான்தானே?"

உடனே தங்கள் முட்டியைப் பற்றிச் சொன்னேன். எங்கள் சம்பந்தி குடைக்கடை வைத்திருக்கிறார், அவருக்கு இடது முட்டி வலித்தால் மறுநாள் நிச்சயம் மழை, அதற்குப் பலூனும் வேண்டாம் கருவியும் வேண்டாம் என்றேன். அந்தப் பெண் சிரிக்காமல், "வலது முட்டி எப்படி சார்?" என்று கேட்டது. கேலியா அக்கறையா என்று இன்றுவரை புரியவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும், கடல்ல அலை அடிச்சா ராக்கெட்டுக்கு என்னம்மா? ராக்கெட் என்ன படகா?"

அந்தப் பெண் எழுந்து எனக்கு ஒரு நாற்காலி போட்டது. திரையில் கடலைக் காட்டியது. அதன் மேல் ஒரு வளைந்த கோடு.

"இதுதான் உங்க பொண்ணு போற வழி சார். எல்லாம் நல்லபடியா போகும். ஒருவேளை போற வழியில வண்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா, அவங்க உட்கார்ந்திருக்கற கூடு மட்டும் தனியாப் பிரிஞ்சு இந்தக் கோட்டுல எங்கேயாவது கடல்ல இறங்கும். நாங்க படகுல போய் எடுக்கணும். அலை பெருசா இருந்தா படகு கிட்ட நெருங்க முடியாது. அதான் சார், கிளம்பற இடத்தைப் பார்க்கற மாதிரி இந்தக் கோடு முழுக்கப் பார்க்கறேன்."

சம்பந்தி, ஒளிக்காமல் சொல்கிறேன், இத்தனை நாள் வானிலை என்றால் கிளம்புவதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தப் பெண் பார்ப்பது விழுந்தால் எடுப்பதற்கு. எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்து, "படகுக்காரங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியும் என்றது. "நல்லாத் தெரியுமா?" என்றேன். தண்ணீர் கொடுத்தது. அன்றிலிருந்து நான் கட்சி மாறிவிட்டேன். விடிந்ததும் விடுதி மொட்டை மாடிக்குப் போய் மேகங்களைப் பார்த்து, தெற்கே கறுப்பாக ஒன்று, கிழக்கே சந்தேகத்துக்கிடமாக இரண்டு என்று அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். மூன்றாம் நாள் வேறு யாரோ எடுத்து, "சார், அந்த மேகத்தை எல்லாம் நாங்க ஏற்கெனவே பார்த்துட்டோம்" என்றார்கள். பார்த்தால் போதுமா?

நேற்று பாப்பாவைப் பார்க்க விட்டார்கள். கிருமி எதுவும் தொற்றிவிடக்கூடாது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் மைக். நான் அலையைப் பற்றிக் கேட்கலாமா என்று வாயைத் திறந்தேன், என் மனைவி மிதித்தாள். பாப்பாதான் பேசினாள்.

"அப்பா, ஊருல ஓடற எல்லா வண்டிக்கும் நின்னு விசில் குடுத்திருக்கீங்க. என் வண்டிக்கும் நில்லுங்க. உள்ள எனக்கு ஒண்ணும் கேட்காது. ஆனா நீங்க நிக்கறீங்கன்னு தெரிஞ்சா போதும்."

"விசில் எடுத்துட்டு வந்திருக்கேன்மா" என்றேன். நிஜமாகவே சட்டைப் பையில்தான் இருந்தது. அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று நினைவில்லை, மைக்கை அணைத்துவிட்டுப் பேசியதாக மனைவி சொல்கிறாள்.

இன்று மாலை நான்காம் தடவை. பலகையில் என்ன ஒட்டியிருந்தார்கள் தெரியுமா? நாற்பது சதவீதம். எண்பதுக்கே கிளம்பாத வண்டி நாற்பதுக்குக் கிளம்புமா? விடுதிக்கு மேலே வானம் இருட்டிக்கொண்டு வந்தது, தூறல் போட்டது. சந்தேகம் தீர தங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன், முட்டி நேற்றிலிருந்து தாங்க முடியாத வலி என்று சம்பந்தியம்மா சொன்னார். மிகவும் மகிழ்ந்தேன், மன்னிக்கவும். நான் வரவில்லை, வண்டி இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"என்னங்க, இங்க தூறினா அங்கயும் தூறுமா? வாங்க, அவ கேட்டாளேங்க!" என்றாள் மனைவி.

"நாப்பது மார்க்குல நான் வண்டி அனுப்பினதே இல்லை. நீ போய் உட்கார்ந்துட்டு வா. கிளம்பற அன்னைக்கு நான் வர்றேன்."

அவள் குடையை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையோடு பஸ் ஏறிவிட்டாள். தங்களிடம் மட்டும் சொல்கிறேன், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் இன்னொரு தடவை உட்கார என்னால் ஆகாது. வயிற்றுக்குள் அந்த வளைந்த கோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. கிளம்பாவிட்டால் ஏமாற்றம், கிளம்பினால் அதைவிட மோசம்.

ஆகவே தாங்கள் எனக்கு ஒரு உதவி செய்யவேண்டும். தங்கள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், குடைக்கடைப் பெயர் அச்சடித்த தாளும் இருக்கிறது, வானிலை விஷயத்தில் அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பு உண்டு. அதில் மேலதிகாரிக்கு ஒரு புகார் எழுதவும். எண்பது சதவீதத்துக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்கவும். நாற்பது சதவீதத்துக்கு எப்படி அனுப்பப் பார்க்கலாம் என்றும் கேட்கவும். இரண்டையும் ஒரே தாளில் கேட்க முடிந்தால் மெத்தச் சரி. அந்தப் பெண் நல்ல பெண், அதன் பேருக்குப் பாதகம் வராமல் கடுமையாக எழுதவும்.

இதோ, இந்த வரியை எழுதும்போதே இடி இடிக்கிறது. மேசை அதிர்ந்து எழுத்து கோணிவிட்டது, பொறுத்துக்கொள்ளவும். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடுகிறது. என்ன இடி இது, நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கிறதே! நான் சொல்லவில்லையா? பாவம், எல்லாரும் நனைந்துகொண்டு திரும்பி வருவார்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். கடைப் பையன்கள் அனைவரும் நூறாண்டு வாழ்க. தங்கள் முட்டி விரைவில் குணமாகட்டும், ஆனால் அவசரமில்லை.

இங்ஙனம்,
ஒரு வண்டியையும் தவறவிடாத தங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே எழுதிய எதையும் நம்பவேண்டாம். அது இடி இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்கிறேன், வாசலில் காவலாளி "சார்! சார்!" என்று கத்துகிறார். செருப்புகூட இல்லாமல் ஓடினேன். எங்கள் தலைக்கு மேலே இன்னும் தூறல். கிழக்கே மேகம் விட்டிருந்தது. அங்கே இருட்டிவிட்ட வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அதன் உச்சி மட்டும் எங்கோ இருக்கும் வெயில் பட்டுத் தங்கமாக, அதற்கும் மேலே ஒரு பொட்டு வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. சத்தம் இவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் வண்டி போய்விட்டது, சம்பந்தி. சட்டைப் பையைத் துழாவி விசிலை எடுத்து ஊதினேன். ஒன்று வந்தது. இரண்டாவது வரவில்லை. எத்தனை ஆயிரம் வண்டிக்கு ஊதியவன், மூச்சு வரவில்லை. ஒன்று என்றால் நில் என்றல்லவா அர்த்தம்?

"யாரை சார் நிறுத்தறீங்க?" என்றார் காவலாளி.

"நிறுத்தலப்பா. அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, எச்சிலை விழுங்கி, இரண்டாவதை ஊதினேன். அந்தப் பொட்டு கண்ணிலிருந்து மறையும்வரை ஈரத்தில் நின்றேன்.

என் மனைவி திரும்பி வந்ததும் நான்தான் கேட்டேன், கிட்டத்தில் எப்படி இருந்தது என்று. "யாருக்குத் தெரியும்? ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கண்ணை இறுக்கி மூடிட்டிருந்தேன்" என்றாள். மாப்பிள்ளை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாராம். ஆகக் குடும்பத்தில் பார்த்தவன் நான் ஒருவன்தான். பாப்பா மேலே போய்ச் சேர்ந்ததும் மைதானத்தில் இருந்தவர்களோடு பேச இணைப்புக் கொடுத்தார்களாம், அவள் முதலில் கேட்டது, அப்பா நின்னாரா என்றுதானாம். "நின்னாருன்னு சொல்லிட்டேன்" என்றாள் மனைவி. நான் இங்கே நிஜமாகவே நின்றது அவளுக்குத் தெரியாது. ஊதிய கதையைச் சொன்னேன், சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

வானிலைப் பெண்ணுக்குப் போன் செய்தேன். நாற்பதுக்கு எப்படியம்மா கிளம்பியது என்றால், "பத்துல நாலு வாய்ப்புன்னு சொன்னேன் சார், அந்த நாலு இன்னைக்கு வந்துடுச்சு" என்கிறது. இன்னமும் எனக்குப் புரியவில்லை. ஆனால் புகார் வேண்டாம். அந்தத் தாளில் அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல குடை அனுப்புவதாக எழுதவும், குடையையும் அனுப்பவும்.

திரும்பி வரும்போது கடலில்தான் இறங்குமாம். அலை எப்படி இருக்கும் என்று தங்கள் முட்டியைக் கேட்டு எழுதவும், வலது முட்டியையும் கேட்கவும். படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரும் நாளில், எத்தனை சதவீதமானாலும், முதல் ஆளாக நான் அங்கே நிற்பேன். அன்றைக்கு ஒரு விசில் போதும்.