கனடா மெசினும் என் ஃபஸ் பெட்டியும்

துணுக்காய்,
ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி.

என் மனைவியின் ஒரே தம்பியும், ரொறன்ரோவில் இருந்தபடியே எங்கள் வீட்டு நிம்மதியைக் கெடுக்கும் வல்லமை பெற்றவருமான மச்சான் வினோதனுக்கு, அத்தான் ரூபன் குறையாத அன்போடு எழுதுவது. இங்கே நானும் உமது அக்கா ரஜிதாவும் சுகம். அங்கே நீரும் பிள்ளைகளும் குளிர் அண்டாமல் இருக்க அம்மாளாச்சியை வேண்டுகிறோம். மரியாதை இத்துடன் முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வட்ஸ்அப் இருக்க, இந்த மனிசன் ஏன் கடதாசியில் எழுதுகிறான் என்று யோசிப்பீர். வட்ஸ்அப்பில் எதை எழுதினாலும் நீர் பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிறீர். எங்கள் சிவப்பி மாடு செத்துப்போன செய்திக்கும் அதே பெருவிரல்தான் வந்தது. ஆகவே பேனையால் எழுதி, செவ்வாய்க்கிழமை கனடா போகிற பிரஷாந்தினி ரீச்சரின் பையில், நீர் அனுப்பிய மெசினோடு சேர்த்து அனுப்புகிறேன். ஓம், மெசினைத் திருப்பி அனுப்புகிறேன். இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு என்னை ஏற்ற எங்கள் குழுவின் வான் வண்டி வரும். நான் ஏறப்போவதில்லை. பத்தொன்பது வருடமாக இசைக்குழுவில் நான் வைத்திருந்த கிற்றார்காரன் என்ற இடம் இன்று பின்னேரத்தோடு போகிறது. அதற்கு முழுப் பொறுப்பும் நீர்தான் என்பதை எழுத்தில் தரவே இந்தக் கடிதம்.

எங்கள் குழுவை இப்போது நடத்துவது சுகந்தினி. கீபோட் வாசிக்கிற பிள்ளை, வயது முப்பத்தொன்று, வாய்நிறைய அண்ணை என்று கூப்பிட்டபடியே என் தலையில் ஏறி இருப்பவள். மேடையில் இனி அம்ப்ளிபையர் கூடாது, அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டிக்கிடக்கிறது, அது போடுகிற சத்தத்தில் பாடுகிறவரின் குரல் எடுபடவில்லை, எல்லோரும் வயரை நேரே ஒலிபெருக்கிக்காரரின் மிக்ஸருக்குள் செருகுங்கள் என்று சட்டம் போட்டாள். நான் உம்மிடம் அழாக்குறையாகச் சொன்னேன். நீரும் இரக்கப்பட்டு அந்த மொடலரை அனுப்பினீர். நூறு அம்ப்ளிபையரின் சத்தத்தைக் கணக்குப் போட்டு உள்ளே வைத்திருக்கும் மெசின், சோற்றுப் பெட்டி அளவுதான், மேடையின் மூலையில் வைத்துவிட்டால் போதும் என்றீர். நல்லது. ஆனால் என்னிடம் ஏற்கெனவே ஒரு ஃபஸ் பெட்டி இருக்கிறதே. பழுதான வானொலி ஒன்றின் டிரான்சிஸ்டரைக் கழற்றி, பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டிக்குள் அடக்கி, என் கையால் ஈயம் பற்றவைத்துச் செய்தது. காலால் மிதித்தால் கிற்றார் கரகரத்து, இழுத்து, ஆள் அழுவது போல அழும். பழைய பாட்டுகளின் இடையிசையில் அந்த அழுகை வராவிட்டால் இந்தப் பக்கத்துச் சனம் அதைப் பாட்டென்றே ஒப்புக்கொள்ளாது. மொடலருக்குள்ளேயே பதினைந்து வகை ஃபஸ் இருக்கிறதே, அதைப் பாவியுங்கள் என்றாள் சுகந்தினி. வீட்டில் மனிசி இருக்க, கலண்டர் படத்தோடு குடும்பம் நடத்தச் சொல்கிற கதை. நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

முதல் கூத்து இங்கே துணுக்காயில், கோயில் திருவிழாவில் நடந்தது. எந்தப் பெட்டியை முதலில் வைப்பது என்ற கேள்வி எழுந்தது. நீர்தான் எங்களை அறிவீரே, கடல் கடந்து வந்த விருந்தாளியைப் பின்வரிசையில் இருத்தி எங்களுக்குப் பழக்கமில்லை. எனவே கிற்றார் வயரை முதலில் உமது மெசினுக்குள் கொடுத்து, வீட்டுக்காரனான என் ஃபஸ்ஸைக் கடைசியில் வைத்து, அதிலிருந்து மிக்ஸருக்குக் கொடுத்தேன். இடையிசை வந்தது, மிதித்தேன். மச்சான், தகர டின்னுக்குள் அடைபட்ட குளவிக்கூட்டம் அப்படியே ஒலிபெருக்கி வழியாக வெளியே வந்தது. முன்வரிசையில் இருந்த குழந்தைகள் வீரிட்டன. பூசை முடித்து வந்த ஐயர் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவர் போனவர்தான். சுகந்தினி பாட்டின் நடுவிலேயே என் பக்கம் சாய்ந்து, "அண்ணை, வோட்டர் பம்பைத் திருத்திற நினைப்பில வாசிக்கிறியளோ?" என்று கேட்டாள். பகலில் நான் பம்ப் திருத்துகிறவன் என்பதற்காக மேடையில் வைத்து அப்படிக் கேட்கலாமா? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, விருந்தாளிக்குக் கொடுத்த மரியாதை போதும் என்று, ஒத்திகையில் இடத்தை மாற்றினேன். ஃபஸ் முன்னுக்கு, மொடலர் பின்னுக்கு. இரண்டுக்கும் மின்சாரம் வேண்டுமே. உமது மெசினோடு வந்த அடாப்டரின் வயரைப் பிரித்து, இரட்டைத் தலை வைத்து, ஒன்றை ஃபஸ்ஸுக்கும் ஒன்றை மொடலருக்கும் கொடுத்தேன். என் ஃபஸ்ஸுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் பழைய காலத்துச் சாமான், மற்றப் பெட்டிகளுக்கு மைனஸ் எங்கே போகுமோ அங்கே அதற்குப் பிளஸ் போகவேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மறந்தேன். சுவிச்சைப் போட்டதும் ஒரு வாசம் வந்தது, பிறகு உமது மெசினின் வெளிச்சம் செத்தது, பிறகு சுகந்தினியின் முகமும் செத்தது. மெசின் முழுதாகப் போய்விட்டது என்று நினைத்து, அதைத் தூக்கிக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். நல்ல காலம், போனது அடாப்டர் மட்டும்தான். பஸ் ஏறி வவுனியா போய் வேறு அடாப்டர் வாங்கி, ஃபஸ்ஸுக்குத் தனியாக ஒன்பது வோல்ட் பற்றரி போட்டேன். அப்போது பார்த்தால் அழுகை வருகிறது, ஆனால் முடிவில் யாரோ வாயைப் பொத்தியது போலப் பட்டென்று நிற்கிறது. மெசினுக்குள் இரைச்சலை அடக்கும் கதவொன்று இருக்கிறதாம், நொய்ஸ் கேற். அந்தக் கதவைத் திறந்துவிட்டேன். மச்சான், அன்று வந்த சத்தம்! என் பழைய அம்ப்ளிபையரில்கூட அப்படி வந்ததில்லை. சுகந்தினியே திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளில் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன்.

அந்தச் சிரிப்பு செட்டிகுளம் சாமத்திய வீட்டில் அடங்கியது. போன புதன்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணி. பெரியபிள்ளையானவளுக்குச் சேலை கட்டி அழைத்து வருகிறார்கள், இரண்டு பக்கமும் ஆராத்தித் தட்டோடு பெண்கள், வீடியோக்காரர் பின்னோக்கி நடக்கிறார். பாட்டு நின்று, என் இடையிசை தொடங்க ஒரு மூச்சு இடைவெளி. நான் ஃபஸ்ஸை மிதித்துவிட்டேன், தந்தியில் இன்னும் கை வைக்கவில்லை. அந்த இடைவெளிக்குள் மண்டபம் முழுக்க ஒரு ஆண்குரல் கணீரென்று கேட்கிறது. "செட்டிகுளத்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற தபால் அதிபர்... அவர்கள் காலமானார்." வானொலி, மச்சான்! மரண அறிவித்தல்! என் ஃபஸ் அதைப் பிடித்து, உமது மொடலர் அதற்கு மெருகு கொடுத்து, சபையில் விட்டிருக்கிறது. பெயரை எங்கள் டோல்கிக்காரரின் அடி விழுங்கிவிட்டது. ஆராத்தித் தட்டொன்று விழுந்தது. பிள்ளையின் மாமி, "ஐயோ என்ர அண்ணை!" என்று குழறிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். அவருடைய தமையன் ஓய்வுபெற்ற தபால் அதிபராம். அந்த மனிதரோ பந்தியில் மூன்றாவது வடையோடு இருந்தவர், எழும்பி, எச்சில் கையைத் தூக்கி, "எடியே, நான் இஞ்சதானே இருக்கிறன்!" என்று கத்தினார். அதைக் கேட்டும் மாமி அழுகையை நிறுத்த ஐந்து நிமிடம் பிடித்தது. நல்ல நாளில் சாவுச் செய்தி சொன்ன குழு என்று சனம் எங்களைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வானில் ஏறும்போது சுகந்தினி ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை ஒட்டுசுட்டானில கலியாண வரவேற்பு. அண்டைக்கும் இப்பிடி ஏதும் நடந்தா, கிற்றார் பகுதியை நான் கீபோட்டிலயே வாசிக்கிறன். நீங்கள் வீட்டில ரெஸ்ட் எடுங்கோ" என்று தன்மையாகச் சொன்னாள். அந்தத் தன்மைதான் என்னைக் கொன்றது. கிழமையில் ஆறு நாள் நான் பம்ப் திருத்துகிற ரூபன், மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றுக்குள் இறங்குகிறவன். ஒரு நாள்தான் சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, சீப்பால் தலை இழுத்து, கிற்றார்காரராக இருக்கிறேன். அதுவும் போனால் என்னிடம் மிச்சம் என்ன?

இந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்தவர் நீர். ஒரு பெரிய மெசினை அனுப்புகிற மனிதர், அதோடு ஒரு வார்த்தை விளக்கம் சொல்ல மாட்டாரா? குரல்செய்தி ஒன்று அனுப்பினீர். கேட்டேன். அதில் ரொறன்ரோவில் விழுந்த பனியும், உமது முழங்கால் நோவும், இடையில் யாரோ பிள்ளை இருமுவதும்தான் இருந்தன. என் பழைய அம்ப்ளிபையர் ஒருநாளும் மரண அறிவித்தல் வாசித்ததில்லை. உமது மெசினுக்குக் காது கூடிப்போச்சு. ஆகவே முடிவெடுத்துவிட்டேன். வான் வந்ததும் எனக்குக் காய்ச்சல் என்று ரஜிதா சொல்வாள். சபையில் வைத்து இடத்தைப் பறிகொடுப்பதை விட, கட்டிலில் படுத்துக்கொண்டு பறிகொடுப்பது மேல்.

உமது இல்லாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உமது முழங்கால் சுகமாகி, நீண்ட ஆயுளோடும் நிறைந்த செல்வத்தோடும், எவருக்கும் மெசின் எதுவும் அனுப்பாமல் வாழ வாழ்த்தும்,

அத்தான்,
ரூபன்.

பி.கு: திங்கட்கிழமை காலை எழுதுகிறேன். மேலே உள்ளதில் சுகம் விசாரித்த வரிகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கிழித்து எறியும். நேற்று நெற்றியில் ஈரத்துணியோடு காய்ச்சல்காரனாகப் படுத்திருந்தபோது, குசினியில் உமது குரல் கேட்டது. தம்பியின் குரலைக் கேட்க ஆசைப்பட்டு ரஜிதா அந்தக் குரல்செய்தியைப் போட்டிருக்கிறாள். அது பதினொரு நிமிடமாம். நான் கேட்டது முதல் ஒன்றரை நிமிடம். முழங்காலுக்குப் பிறகு நீர் பேசுகிறீர்: "அத்தான், கவனமாக் கேளுங்கோ. கிற்றார் வயர் நேர ஃபஸ்ஸுக்குத்தான் போகவேணும், அதுக்குப் பிறகுதான் மொடலர். ஒரே அடாப்டரில ரெண்டுக்கும் கரண்ட் குடுத்திடாதேங்கோ. அந்தச் சவர்க்காரப் பெட்டியை எறிஞ்சுபோட்டு, இரும்புப் பெட்டி ஒண்டுக்குள்ள ஃபஸ்ஸை மாத்தி, பெட்டியோட ஏர்த் குடுங்கோ. இல்லாட்டி ஒருநாளைக்குச் சபையில ரேடியோ கேக்கும்." நான் பட்ட பாடுகளை, பட்ட வரிசையிலேயே, படுவதற்கு மூன்று மாதம் முன்னரே சொல்லிவைத்திருக்கிறீர். காய்ச்சல் அந்த இடத்திலேயே விட்டது. ரஜிதாவின் பிஸ்கட் டின்னில் துளை போட்டு ஃபஸ்ஸை உள்ளே வைத்து முடிக்கவும், வான் ஹோர்ன் அடிக்கவும் சரியாக இருந்தது.

ஒட்டுசுட்டானில் இரண்டாவது பாட்டிலேயே என் இடம் வந்தது. சுகந்தினி கீபோட்டில் கிற்றார் சத்தத்தைத் தயாராக எடுத்து வைத்து, இரண்டு கைகளையும் கட்டைகளுக்கு மேலே பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிதித்தேன். பந்தியில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு பிள்ளையும் அழவில்லை, எல்லோரும் பாட்டைக் கேட்டபடி சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் கடைசிச் சுரத்தை இழுத்து விட்டுவிட்டு நிமிர்ந்தபோது, சுகந்தினியின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.